கண்டி வீதி லொறிகளும் கிளிநொச்சியின் பாரமும்

அண்மைய காலபோக அறுவடைக் காலமொன்றில், பரந்தன் சந்தியிலுள்ள தேநீர்க் கடையொன்றின் வாங்கில் ஓரிரவு ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்கள் அமர்ந்திருந்தேன். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி கிழக்கே பிரிந்து செல்லும் இடம் அது. செய்தி சேகரிப்பதற்காக நான் அங்கு செல்லவில்லை. என்னை ஏற்றிச்செல்ல வரவேண்டிய நண்பரின் வாகனம் விசுவமடுவுக்கு அப்பால் பழுதடைந்து நின்றுவிட்டது. வேலையற்றிருக்கும் பத்திரிகையாளன் எதையாவது எண்ணத் தொடங்குவான். நான் லொறிகளை எண்ணினேன்.

தெற்கிலிருந்து வந்தவை பெரும்பாலும் பெட்டி அடைத்த பெரிய லொறிகள். பிஸ்கற், பால்மா, சவர்க்காரம், சீமெந்து, எரிவாயு உருளை, மென்பானம், தம்புள்ளை மரக்கறி, அரிசி ஆகியவற்றை ஏற்றி யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றன. சில கிளிநொச்சியிலேயே பாதிப் பாரத்தை இறக்கிவிட்டு வந்திருந்தன. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் போனவற்றில் பல வெறுமையாகவே போயின. வெறும் லொறி பள்ளத்தில் விழும்போது எழும் கடகட ஓசையை வைத்து, திரும்பிப் பார்க்காமலே அதனை அறிந்துகொள்ளலாம். முல்லைத்தீவு வீதியால் வந்து சந்தியில் தெற்கே திரும்பிய லொறிகள் மட்டும் ஓசையின்றி, தாழ்ந்து, மெதுவாகச் சென்றன. அவற்றில் இருந்தது நெல்.

இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்பித்தவர் என் தாயாரின் தமையனார். எழுபதுகளில் அவரிடம் பெட்பேர்ட் லொறி ஒன்று இருந்தது. உருத்திரபுரத்தில் அவரது வீடு. பாடசாலை விடுமுறை விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். வீதியோரத்தில் நின்று, கொழும்புக்குப் போகும் லொறி எத்தனை, வரும் லொறி எத்தனை என்று நான் கணக்கெடுத்துச் சொன்னபோது அவர் சிரித்தார். “மருமோன், லொறி எந்தப் பக்கம் ஓடுதெண்டு பாக்காதை. சில்லு எவ்வளவு பதிஞ்சு கிடக்கெண்டு பார். அதிலைதான் சங்கதி இருக்கு” என்றார்.

ஒரு பிரதேசத்தின் பொருளாதார வரலாற்றை எழுதுவதற்குக் கச்சேரிக் கோவைகளும் மத்திய வங்கி அறிக்கைகளும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கிளிநொச்சி போன்ற, ஒரேயொரு பெருவீதியை முதுகெலும்பாகக் கொண்ட கமக்கார மாவட்டம் ஒன்றைப் பொறுத்தவரை, பாரம் எந்தத் திசையில் போனது, எந்தத் திசையில் வெறுமை திரும்பியது என்ற கேள்விக்கு விடை தேடினாலே வரலாற்றின் பெரும்பகுதி வெளிவந்துவிடும் என்பது என் எண்ணம்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளும் இந்த வீதி, இன்றைய உருவில் ஆங்கிலேயரின் ஆக்கம். ஆனால் வன்னியை ஊடறுத்து வடக்கே பாரம் போன வரலாறு அதற்கும் முந்தியது. அந்தப் பழைய பாரத்திற்கு வண்டி தேவைப்படவில்லை. அது தன் சொந்தக் காலிலேயே நடந்தது. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகளையே சொல்கிறேன். வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாக யானைகளைச் செலுத்தினர். அவை கடல்நீரேரியின் ஆழமற்ற பகுதியைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, இந்தியாவிலிருந்து வந்த வணிகர்களுக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரே அந்தப் போக்குவரத்தின் எச்சம். உலகெங்கும் வாழும் தமிழர் இன்று அப்பெயரைக் கேட்டதும் போரையே நினைக்கின்றனர். அது முதலில் ஒரு வணிகப் பாதையின் பெயர்.

ஏனைய பண்டங்கள் பொதிமாடுகளில் போயின. தவளம் என்று அழைக்கப்பட்ட அந்த மாட்டுக் கூட்டங்கள் உப்பையும் கருவாட்டையும் உள்நாட்டுக்குக் கொண்டு சென்றன. ஆனால் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அக்கால யாழ்ப்பாணத்தின் முகம் தெற்கே வன்னியைப் பார்த்திருக்கவில்லை, கடலைப் பார்த்திருந்தது. அதன் புகையிலை திருவிதாங்கூருக்குத் தோணியில் போயிற்று; அரிசியும் துணியும் தோணியில் வந்தன. காய்ச்சலும் காடும் நிறைந்த வன்னி, யாழ்ப்பாணத்தவருக்கு வேகமாகக் கடந்துவிட வேண்டிய இடைவெளியாகவே இருந்தது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலைப் படிப்பவர்கள், எவ்வளவு குறைந்த மக்கள் எவ்வளவு பரந்த நிலத்தில் சிதறி வாழ்ந்தனர் என்பதை அறிந்துகொள்வர்.

ஆங்கிலேயர் வீதி அமைத்தபின்பும் நிலைமை விரைந்து மாறவில்லை. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப், 1905 ஜனவரியில் இளம் சிவில் சேவை உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்தபோது அநுராதபுரத்திற்கு வடக்கே தபால் மாட்டுவண்டியில் பயணம் செய்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வண்டியின் தட்டில் தபால் மூடைகள். மூடைகளின் மேல் பிரயாணிகள். இதுதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டி வீதியின் அதிவேகச் சேவை!

அதே ஆண்டு ஓகஸ்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. வண்டிகளின் நெடும்பயணம் அத்துடன் மங்கத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு நெடுந்தூரப் பாரம் தண்டவாளத்தின் மேலேயே போயிற்று. பின்னர் காங்கேசன்துறைச் சீமெந்தும் அவ்வழியேதான் தெற்கை அடைந்தது.

கிளிநொச்சி என்ற ஊர் உருவானமைக்குக் காரணம் புகையிரதமன்று, குளம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில். முப்பதுகளிலிருந்து குடாநாட்டின் நெருக்கத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டு அதன் கீழ் குடியேற்றப்பட்டனர். உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் எனக் குடியேற்றங்கள் பெருகின. பிற்காலத்தில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்ட மலையகத் தமிழரும் வன்னிக்கு வந்து, காடு வெட்டி, பிறர் வயலில் கூலிக்கு நின்று, தருமபுரம் போன்ற ஊர்களை உருவாக்கினர். வன்னியின் விளைச்சலைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் அவர்களின் உழைப்பைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர் என்பதையும் இங்கு சொல்லவேண்டும்.

ஐம்பதுகளில் இரு தொழில்கள் இந்தப் பத்துப் பன்னிரண்டு மைல் நீள வீதியில் நிலைகொண்டிருந்தன. ஆனையிறவில் உப்பளம், பரந்தனில் அந்த உப்பையே மூலப்பொருளாகக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை. உப்பு ஒரு சில மைல் பயணம் செய்து குளோரினாக மாறி, நாடெங்கும் குடிநீரைச் சுத்திகரிக்கப் போயிற்று. மூலப்பொருளும் ஆலையும் அருகருகே இருக்க, பெறுமதி கூடிய பண்டம் மாத்திரம் வெளியே செல்வது! ஒரு மாவட்டத்திற்கு இதைவிட நல்ல போக்குவரத்து ஒழுங்கு இருக்கமுடியாது. போரில் அந்த ஆலை அழிந்தது. போர் முடிந்தபின்னரும் நீண்ட காலமாகப் பரந்தனின் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தே விநியோகித்து வந்தது.

லொறிகளின் பொற்காலம் என்று எழுபதுகளைச் சொல்லவேண்டும். 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது குறைந்ததும், வடக்கின் கமக்காரர்களுக்கு முன்னர் கனவிலும் கிடைத்திராத விலை கிடைத்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய்ச் செய்கைக்காரர் கல்வீடு கட்டினர். உழவு இயந்திரம் வாங்கினர். சிலர் லொறியே வாங்கினர். என் மாமனாரும் அவ்வாறு வாங்கியவர்தான்.

மாலை நான்கு மணியளவில் மூடை ஏற்றி முடியும். சாக்கின் மேல் படங்கு இழுத்துக் கட்டுவார்கள். எட்டு வயதில் ஒருமுறை நானும் அந்த லொறியில் கொழும்புக்குப் போனேன். மிளகாயின் நெடி மூக்கைவிட்டுப் போக இரண்டு நாளாயிற்று. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்நாளில் எந்த வாகனமும் போகாது, இந்நாளிலும் போவதில்லை. அங்கே கச்சான் வாங்கிக்கொண்டு, வவுனியாவில் இராச் சாப்பாடு. மதவாச்சி, தம்புள்ளை, குருநாகல் என்று போய், விடியுமுன் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் லொறி நிற்கும். தெருவெங்கும் யாழ்ப்பாணத் தமிழ் கேட்டது எனக்குப் பெரும் வியப்பாயிருந்தது. திரும்பும்போது லொறியில் சில சீனி மூடைகளும் மாமியாருக்கு ஒரு தையல் இயந்திரமும் மாத்திரமே இருந்தன. சில்லுகள் பதியவேயில்லை. போகும்போது பாரம், வரும்போது காசு. மாமனார் சொன்ன சங்கதி அதுதான்.

அக்காலம் முழுவதும் பாலும் தேனுமாக ஓடியதென்று எழுதினால் அது பொய். அரிசிக்கும் நெல்லுக்கும் கடும் கட்டுப்பாடு இருந்தது. 1971இல் உருவாக்கப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபையே நெல்லைக் கொள்வனவு செய்தது. வீதித் தடைகளில் அரிசியைத் தேடிப் பிரயாணிகளின் பைகளைக் கிளறினார்கள். வன்னியில் விளைந்த அரிசியைக் குடாநாட்டிலுள்ள தன் தாய்க்குக் கொண்டுபோக, என் தாயார் அதைத் தலையணை உறைக்குள் தைத்து எடுத்துச் சென்றதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த வீதியில் மனிதர்களின் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் வழக்கம் போருடன் தொடங்கவில்லை.

1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. மிளகாயின் விலையும் வெங்காயத்தின் விலையும் சரிந்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் வன்செயல். மாமனாரின் லொறி வவுனியாவிலிருந்து வெறுமையாகத் திரும்பவில்லை; மலையகத்திலிருந்து தப்பிவந்த இரு குடும்பங்களை ஏற்றிவந்து தருமபுரத்தில் இறக்கினார். 1983 யூலைக்குப் பின்னர் அவர் வவுனியாவுக்கு அப்பால் லொறியைக் கொண்டு போகவேயில்லை. தெற்கில் எரிக்கப்பட்ட தமிழரின் வாகனங்களுள் அவருடைய நண்பர்களின் லொறிகளும் இருந்தன. சந்தை என்பது விலையினால் மட்டும் ஆனதன்று. சரக்கைக் கொண்டுபோகிறவன் உயிருடன் திரும்பிவருவான் என்ற நம்பிக்கையினாலும் ஆனது. அந்த நம்பிக்கை போனபின் கிளிநொச்சியின் நேரடிக் கொழும்பு வியாபாரம் பழைய நிலைக்கு வரவேயில்லை. 1984 பெப்ரவரியில் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் பிறந்தபோது அதன் வீதி ஏற்கெனவே நோயுற்றிருந்தது.

1990 யூனில் போர் மீண்டும் வெடித்தது. யாழ்தேவி நின்றது. ஆனையிறவு அடைபட்டது. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பசளை, மின்கலம் எனப் பலவற்றை வடக்குக்கு வரவிடாமல் நிறுத்தியது. அந்த ஆண்டுகளின் போக்குவரத்து முறையை இளந்தலைமுறைக்கு விளக்குவது கடினம். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெண்புகை, கண் எரியும். லொறி ஓட்டுவதற்கு டீசல் வாங்க வசதியுள்ளோர் மிகச் சிலர். பாரம் உழவு இயந்திரத்தின் பெட்டிக்கும், தட்டிவானுக்கும், எல்லாவற்றிற்கும் மேலாகத் துவிச்சக்கர வண்டிக்கும் மாறியது. பின் கரியரை இரும்புக் கம்பியால் பலப்படுத்தி, ஓர் ஆள் உயரத்திற்கு விறகு அடுக்கி, மைல்கணக்கில் மிதித்துச் சென்று விற்றவர்கள் இருந்தனர். ஒரு லொறியின் வேலையை நூறு மனிதர்களின் முழங்கால்கள் செய்தன.

குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலான பாதை முதலில் கொம்படி – ஊரியான் சேற்றுவெளியாகவும், பின்னர் கிளாலிக் கடல்நீரேரியாகவும் மாறியது. இரவில் படகில், விளக்கின்றி, கடற்படைக்கு அஞ்சி. 1993 ஜனவரியில் அங்கு பயணிகள் கொல்லப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யானைகள் கடந்த அதே நீரேரியை மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் பல்கலைக்கழக மாணவர்களும் ஓய்வூதியர்களும் நோயாளரும் கடந்தனர்.

வன்னியின் தெற்கு வாசலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. தாண்டிக்குளமும் நொச்சிமோட்டையும் சில காலம். 1997 மே மாதத்தில், கண்டி வீதியைக் கைப்பற்றித் தரைப்பாதையைத் திறப்பதெனக் கூறி அரசாங்கம் ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கையைத் தொடங்கியது. வீதியைத் திறப்பதற்கான அந்தப் போர் ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் நீடித்தது, வீதி திறக்கவேயில்லை, 1998 டிசெம்பரில் நடவடிக்கை கைவிடப்பட்டது. அந்தக் காலத்தில் வன்னிக்கான சரக்கு மன்னார்ப் பக்கமாக, உயிலங்குளம் ஊடாகச் சுற்றி வந்தது. ஒரு வீதியின் பெயரால் இத்தனை உயிர்கள் பலியான வேறொரு சந்தர்ப்பத்தை என் தொழில் வாழ்வில் நான் எழுதியதில்லை.

என் மாமனாரின் பெட்பேர்ட் 1990 இறுதியிலேயே முற்றத்தில் கட்டையில் ஏற்றப்பட்டுவிட்டது. டயர்களைக் கழற்றி ஒருவர் உழவு இயந்திரப் பெட்டிக்குக் கொண்டுபோனார். மின்கலத்தை விற்றார். பெட்டியின் முதிரைப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று பதுங்குகுழிக்கு மூடியாயின. 1996இல் இராணுவம் கிளிநொச்சிக்குள் வந்தபோது குடும்பம் முத்தையன்கட்டுக்கு இடம்பெயர்ந்தது. சட்டமும் இயந்திரமும் முற்றத்தில் நின்றன. “அது எங்கை போகப்போகுது, சில்லில்லாதது” என்று அவர் சொன்னாராம்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் முகமாலை ஊடாக யாழ்ப்பாணம் வரை வீதி திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் கொழும்பிலிருந்து தரைவழியாக நான் ஊர் போனேன். ஓமந்தையில் அரச சோதனைச்சாவடி. புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. வடக்கே பளையில் மீண்டும் புலிகள். முகமாலையில் மீண்டும் இராணுவம். ஒரு நாட்டின் ஒரு வீதியில் நான்கு எல்லைகள். ஓர் அரசு சோதித்தது. மற்றையது வரி வாங்கியது. லொறிக்காரர்கள் இரண்டையும் சரக்கின் விலையில் சேர்த்தனர். இறுதியில் செலுத்தியவர் சீனி வாங்கிய குடும்பத்தலைவி.

ஒரு சாவடியில் கோழித்தீவன லொறியொன்றின் மூடைகள் அனைத்தும் இறக்கப்பட்டு, கம்பியால் குத்தப்பட்டு, மீண்டும் ஏற்றப்படுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதிய கிளீனர் ஒருவர், “அண்ணை, இந்தச் சாக்குகளை நான் இண்டைக்கு மூண்டாந்தரம் தூக்கிறன்” என்றார். அவர் குரலில் கோபமில்லை. கணக்குச் சொன்னார், அவ்வளவுதான். அந்த நாலாண்டுக் காலத்தில் பாரத்தின் திசை தெளிவாகவே மாறியிருந்தது. குடாநாடும் வன்னியும் தெற்கின் பண்டங்களுக்குப் பசித்திருந்தன. தொலைக்காட்சிப் பெட்டி, மோட்டார் சைக்கிள், தகரம், சீமெந்து என்று நிறைந்து வந்த லொறிகள், கருவாடும் பனம்பொருளும் வெங்காயமும் சிறிதளவு ஏற்றித் திரும்பின. எனினும் வீதி உயிருடன் இருந்தது. கிளிநொச்சியில் இராப்பகலாகச் சாப்பாட்டுக் கடைகள் நடந்தன.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டது, பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணம் மீண்டும் கப்பலை எதிர்பார்த்திருக்க நேர்ந்தது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். அதன்பின் உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடரணிகள் ஒக்டோபரிலிருந்து வன்னிக்குள் உணவு கொண்டுபோயின. 11ஆவது தொடரணி 2009 ஜனவரி நடுப்பகுதியில் புதுக்குடியிருப்பைச் சென்றடைந்தது. அதுவே தரைவழியாகச் சென்ற கடைசித் தொடரணி. ஜனவரி 2ஆம் திகதியே கிளிநொச்சி இராணுவத்தின் வசமாகியிருந்தது.

அந்த மாதங்களில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியின் போக்குவரத்து ஒரே திசையில் அமைந்தது: கிழக்கே. உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் மூடை, கூரைத் தகரம், கதவு நிலை, தையல் இயந்திரம், கிழவிகள், குழந்தைகள், ஆட்டுக்குட்டிகள். முதலில் தருமபுரம், பின்னர் விசுவமடு, பின்னர் உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. ஒவ்வொரு இடத்திலும் பெட்டியின் பாரம் குறைந்தது. கடைசியில் மக்கள் கையில் பையுமின்றி நடந்தனர். வண்டிகள் முள்ளிவாய்க்கால் மணலில் நின்றுவிட்டன. என் மாமியார் அந்த நடையில் பங்குகொண்டு உயிர் பிழைத்தவர். மாமனார் 2004இலேயே நோயினால் காலமாகிவிட்டார். அதை ஒரு கொடுப்பினை என்றே மாமியார் சொல்வார்.

2009 இறுதியில் வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன்பின்னர் வன்னியிலிருந்து தெற்கே போன லொறிகளில் நான் கண்ட முதற்பெரும் பாரம் எது தெரியுமா? பழைய இரும்பு. துருப்பிடித்த துவிச்சக்கர வண்டிகள், உழவு இயந்திரங்களின் எலும்புக்கூடுகள், லொறிச் சட்டங்கள், தண்ணீர்த் தாங்கிகள், நசுங்கிய தகரங்கள். ஒரு சமூகம் முப்பது ஆண்டுகளாகச் சேமித்த இயந்திரச் செல்வம் அனைத்தும் நிறுவை விலையில் அதே கண்டி வீதியால் போயிற்று. அவற்றின் உரிமையாளர்கள் அப்போது முகாம்களில் இருந்தனர். அல்லது உயிருடன் இல்லை. 2010இல் மாமியாருடன் உருத்திரபுரம் போனபோது முற்றத்தில் கிணறு இருந்தது, மாமரம் இருந்தது. பெட்பேர்டின் சட்டம் இல்லை. நான்கு கட்டைகளில் மூன்று மட்டும் புல்லுக்குள் கிடந்தன.

அதன்பின் வந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். சீனக் கடனில் கண்டி வீதி காப்பெற் வீதியாயிற்று. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டு, மன்னார் – பூநகரி வழியாகக் குடாநாட்டுக்கு இரண்டாவது தரைப்பாதை கிடைத்தது. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும் வந்து சேர்ந்தது. வீடமைப்புத் திட்டங்கள் பெருகியதும் மணல் ஏற்றும் டிப்பர்கள் பெருகின. ஆற்றுப்படுகைகளிலிருந்தும் கரையோரங்களிலிருந்தும் அனுமதியுடனும் அனுமதியின்றியும் மணல் அள்ளப்பட்டது. நேரான, மழமழப்பான வீதியில் அந்த டிப்பர்கள் பாய்ந்த வேகத்திற்கு, துவிச்சக்கர வண்டியில் சந்தைக்குப் போன முதியோரும் பாடசாலைப் பிள்ளைகளும் பலியாயினர். குண்டுக்குத் தப்பியவர் டிப்பருக்குத் தப்பவில்லை என்று கிளிநொச்சி மக்கள் சொல்வது வெறும் கசப்புரையன்று.

நெல்லைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். காலபோக அறுவடை தொடங்கியதும் வயல்வரம்புக்கே லொறி வருகிறது. இப்போது வெட்டுவதும் அடிப்பதும் ஒரே இயந்திரம். ஒரு வாரத்தில் வெளி முழுவதும் வெறுமையாகிவிடும். கமக்காரனிடம் காயவைக்கக் களமில்லை, களஞ்சியமில்லை, பொறுத்திருக்கக் கையிருப்புமில்லை. பசளைக் கடனும் உழவுக் கூலியும் நகை அடகும் வாசலில் நிற்கின்றன. அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்துக் கொள்வனவு தொடங்குமுன் ஈரநெல்லாகவே விற்றுவிடுகிறான். அந்த நெல் பொலநறுவை போன்ற தென்பகுதி ஊர்களின் பெரிய ஆலைகளுக்குப் போய், அவிக்கப்பட்டு, குற்றப்பட்டு, வண்ணப் பையில் அரிசியாக அதே வீதியால் திரும்பிவந்து, கிளிநொச்சிக் கடையில் அதே கமக்காரனின் மனைவிக்கு விற்கப்படுகிறது. இரு பயணங்களின் லொறிக் கூலியையும் இடையிலுள்ள இலாபத்தையும் அவளே செலுத்துகிறாள். தவிடும் உமியும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து செய்யப்படும் மாட்டுத்தீவனமும் பின்னர் லொறியில்தான் வருகிறது.

மரக்கறியின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1999இல் தம்புள்ளையில் விசேட பொருளாதார மத்திய நிலையம் தொடங்கப்பட்டபோது வடக்கு போரில் இருந்தது. வீதி திறந்தபோது அந்தச் சந்தை நன்கு வேரூன்றியிருந்தது. எமது சந்தைகள் தகரக் கொட்டகைகளாக இருந்தன. விலையைத் தீர்மானிக்கும் இடம் தம்புள்ளையாயிற்று. எழுபதுகளில் நாலாம் குறுக்குத் தெருவும் விலை சொன்னதுதான். ஆனால் அங்கே விலை பேசியோரில் எம்மவரும் இருந்தனர், கொண்டுபோன லொறியும் எம்மவரது.

இதற்குத் தென்னிலங்கை வியாபாரியைக் குற்றஞ்சாட்டும் சிலரின் எழுத்துகளுடன் எனக்கு உடன்பாடில்லை. அவர் முதல் போடுகிறார், லொறி கொண்டுவருகிறார், காசைக் கையில் கொடுக்கிறார். எமது கூட்டுறவுச் சங்கங்கள் ஒருகாலத்தில் இவற்றையெல்லாம் செய்தன. போருக்குப் பின்னர் வெளிநாட்டு உதவியுடன் கட்டப்பட்ட களஞ்சியங்களும் ஆங்காங்கே உள்ளன. அவற்றுள் எத்தனை நெல்லைக் கண்டன என்று கேட்டால் பதில் சொல்லப் பலர் தயங்குவர். புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணத்தில் மண்டபங்களும் கோயில் கோபுரங்களும் எழுகின்றன. கோபுரத்தைக் குறைசொல்வதன்று என் நோக்கம். ஆனால் ஊருக்கொரு நெற்களமும் உலர்த்தியும் ஓர் ஆலையும் இருந்தால், தெற்கே திரும்பும் சில்லுகளில் அரைவாசியாவது அரிசியின் பாரத்தில் பதியும்.

இந்த மாவட்டத்தின் வீதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2021, 2022ஆம் ஆண்டுகளில் மீண்டும் தெரிந்தது. 2021இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோகப் பயிர் ஏற்கெனவே வாடியிருந்தது. 2022இல் டீசல் இல்லை. எரிபொருள் நிலையத்திலிருந்து நீண்ட லொறி வரிசையில் படுத்திருந்த ஒரு சாரதி, தொண்ணூறுகளில் தன் தகப்பன் மண்ணெண்ணெயில் ஓட்டியதைச் சொல்லி, “ஐயா, இப்ப மண்ணெண்ணெயும் இல்லையே” என்றார். பசளை இல்லை, டீசல் இல்லை, வரிசை. தெற்கிலுள்ளோருக்கு அது புதிய அனுபவம். கிளிநொச்சியில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அது பழைய பாடம்.

பரந்தன் சந்தியில் என் நண்பரின் வாகனம் வந்துசேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. புறப்படுமுன், தேநீர் குடிக்க நின்ற நெல் லொறியொன்றின் சாரதியிடம் பேச்சுக் கொடுத்தேன். இளைஞர்; சிங்களவர்; தமிழ் ஓரளவு பேசினார். இலக்கத் தகட்டில் வடமத்திய மாகாணத்தின் எழுத்துகள். விசுவமடுவில் ஏற்றியதாகச் சொன்னார். லொறி அவருடையதன்று, முதலாளியினது. திரும்பி எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். “நாளைண்டைக்கு” என்றார். “வரும்போது என்ன கொண்டுவருவீர்கள்?” என்றேன். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, “அரிசி” என்றார்.